ஒரு தட்டு என்றால் திருப்பு

இன்ஜினை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் ஒரு மூச்சு நேரம் அதிகமாகக் கேட்டது.

படகு மெக்கானிக் சாவியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். ஷெட்டின் தகரக் கூரைமேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு பீப்பாய்க்குள் தண்ணீர் சொட்டியது. சூடு ஆறும் இரும்பு டிக் டிக்கென்று சுருங்கியது. இவையெல்லாம் அவருக்குப் பழகிய சத்தங்கள். இவற்றுக்கு நடுவில், பின்பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, மணலை வாயில் போட்டு மெல்லுவதுபோல ஒரு கரகரப்பு, இன்ஜின் நின்ற பிறகும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. இன்ஜின் நின்றால் ஷாஃப்ட் நிற்கும், ஷாஃப்ட் நின்றால் பேரிங் நிற்கும், பேரிங் நின்றால் சத்தம் நிற்கும். இதில் யாருக்கும் தனிச் சலுகை கிடையாது. காதுக்கு வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்கினார்.

படகும் ஒன்றும் இளமையானதல்ல. ஏரிக்கரையில் யாரும் சீந்தாமல் கிடந்தது. அதை அவர் வாங்கிய அன்று படகுத்துறைக் காவல்காரன் முகத்துக்கு நேராகவே சிரித்தான். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மெக்கானிக்குக்கு ஒரே மகள். இன்று சாயங்காலம் பேத்தியோடு வருகிறாள். அடுத்த வாரம் கணவனுக்கு வேலை கிடைத்த இடத்துக்கு, கடல் தாண்டி, ஒரேயடியாகப் போகிறாள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை போனில் வரும் அந்தக் குரல்தான். போகாதே, இங்கேயே என்னோடு இருந்துவிடு என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வாயெடுப்பார். எடுத்த வாய், "அங்க மழை பெய்யுதாம்மா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்ளும். நாளைக் காலை இருவரையும் ஏரி நடுவுக்குக் கூட்டிப்போய் இன்ஜினை நிறுத்திவிட்டால், மழையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருக்க முடியும்? அதற்காகத்தான் இந்தப் படகு.

இந்த வகைப் படகில் இன்ஜின் உள்ளே, பின்பலகையை ஒட்டி, மூடி போட்ட ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். கியரும் புரொப்பல்லரும் அடங்கிய டிரைவ் என்ற பகுதி, பலகையின் வெளிப்பக்கம் தொங்கும். இரண்டையும் சேர்க்கிற ஷாஃப்ட் பலகையில் உள்ள துளை வழியாகப் போகும். அந்தத் துளைக்குள் ஏரி புகுந்துவிடாமல் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர்க் குழாய். கடையில் பெல்லோஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது கிழிந்தால் முதலில் பேரிங் துருப்பிடிக்கும், பிறகு படகு மூழ்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கரகரத்தால் பேரிங், கடகடத்தால் கிராஸ் ஜாயின்ட். அவருக்கு இதெல்லாம் தூக்கத்திலும் தெரியும்.

டிரைவைக் கழற்றிச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டார். வடித்த கியர் ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது, சரி, எதிர்பார்த்ததுதான். துளைக்குள் விரலை விட்டுப் பேரிங்கைச் சுழற்றினார். துரு நறநறத்தது. அதுவும் எதிர்பார்த்ததுதான். பெல்லோஸை வெளியே எடுத்து, விளக்கடியில் விரித்துப் பார்த்தபோதுதான் கை நின்றது. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பழைய ரப்பர் மடிப்பில்தான் வெடிக்கும், வெடித்த உதடுகள் அந்த மடிப்போடே கிடக்கும். இங்கே உதடுகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கி நின்றன. எதுவோ உள்ளே இருந்துகொண்டு வெளியே தள்ளிய மாதிரி. அவர் அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். போட்ட பிறகு, ஏனோ தெரியவில்லை, மேலே ஒரு சாக்கையும் இழுத்து மூடினார்.

புல்லர் வைத்துப் பழைய பேரிங்கைப் பிடுங்கி, புதியதை அடித்து இறக்கி, கிராஸ் ஜாயின்டை மாற்றி, புது பெல்லோஸை மாட்டி முடிக்கையில் மத்தியானம் தாண்டிவிட்டது. இனி டிரைவைத் திரும்ப ஏற்ற வேண்டும். அது ஒற்றை ஆள் வேலையல்ல. ஷாஃப்டின் பற்கள் உள்ளே இன்ஜினின் பற்களோடு இம்மியும் பிசகாமல் பொருந்தினால்தான் டிரைவ் உள்ளே போகும். வெளியே ஒருவர் டிரைவைத் தாங்கித் தள்ள, உள்ளே பெட்டிக்குள் ஒருவர் குந்தி இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அந்தக் காலத்தில் உள்ளே குந்தியது அவர் மனைவி. ஒடிசலான உடம்பு, அந்தப் பெட்டிக்குள் போய் வளைந்து நெளிந்து உட்கார அவளால்தான் முடியும். நடுவில் பலகை, பக்கத்தில் ஓடும் கம்ப்ரஸர், கத்தினாலும் காதில் விழாது. அதனால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் கொஞ்சம் திருப்பு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து, என் கை உள்ளே இருக்கிறது. இரண்டு தட்டுக்குப் பதில் தட்டவே கூடாது. தட்டியவர் மறுபடி ஒற்றைத் தட்டுத் தட்டும்வரை எதிர்ப்பக்கத்தில் எதுவும் அசையக் கூடாது. விரல் போகாமலிருக்க அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். அதில் மட்டும் அவள் விளையாடவே மாட்டாள்.

இன்று உள்ளே யாரும் இல்லை. அவரே படகில் ஏறி இன்ஜினைத் திருப்புவார், இறங்கி வந்து டிரைவைத் தள்ளுவார், பற்கள் முட்டும், மறுபடி ஏறுவார். ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போனது. டிரைவ் முரண்டு பிடித்தது. கடைசியில் சலித்துப்போய், தோளால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டு, சுத்தியல் பிடியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். யோசித்துச் செய்ததல்ல. கை தன் பழக்கத்துக்குச் செய்தது.

உள்ளே ஷாஃப்ட் திரும்பியது. பற்கள் கவ்விக்கொண்டன. டிரைவ் வெண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"அப்படித்தான்" என்றார் சந்தோஷமாக.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மெதுவாக ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். இன்ஜின். குழாய்கள். அடியில் கருத்த தண்ணீர் கொஞ்சம். கிரீஸ் வாசனை, பெட்ரோல் வாசனை, அவற்றுக்கு அடியில் பல நாள் பிழியாமல் வைத்த ஈரத் துணியின் வாசனை. வேறு ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று சில சமயம் பிஸ்டனைத் தானே தள்ளும். இன்ஜின் ஒரு நூல் அசையும். அதுதான். அதுவேதான். மூடியைச் சாத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், வெட்கத்தோடு, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார்.

அடியிலிருந்து ஒரு தட்டு வந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஷெட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை தன் செருமலை மட்டுமே கேட்டுக் கிடந்தவருக்கு, தட்டினால் திருப்பித் தட்ட ஒரு ஆள் இருப்பது எப்படியிருக்கும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீதானா?" என்றார்.

ஒரு தட்டு.

அதன்பிறகு அவர் வாய் மூடவில்லை. நட்டுகளை முறுக்கிக்கொண்டே பேசினார், ஆயில் ஊற்றிக்கொண்டே பேசினார். மகள் வருகிறாள் என்றார். பேத்திக்குச் சுண்டெலி என்று செல்லப் பெயர் வைத்திருப்பதையும், அது போனில் தாத்தா என்று கூப்பிடும் அழகையும் சொன்னார். நாளை ஏரி நடுவில் சொல்லப்போவதைச் சொல்லிக் காட்டி ஒத்திகையும் பார்த்தார். முதல் தடவை பாதியில் நின்றது. பிறகு சரளமாக வந்தது.

"போகாத கண்ணு. அப்பாவால தனியா இருக்க முடியல. நீயும் குழந்தையும் இங்கயே இருந்துடுங்க."

ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து ஒரு தட்டு வந்தது. நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை சொல்லு என்பதுபோல.

படகைத் தண்ணீரில் இறக்க உதவுவதாகச் சொல்லியிருந்த காவல்காரன் குடையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே எட்டிப் பார்த்து, யாரையோ தேடினான்.

"யார்கூடண்ணே பேசிட்டிருந்தீங்க?"

"யாருமில்லப்பா. சும்மா தனியா பொலம்பிட்டிருந்தேன்."

"தனியாவா? ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பேசின மாதிரி கேட்டுதே." அவன் குடையை மடக்கினான். "ரெண்டும் உங்க குரல்தான். அதான் ஆச்சரியமா இருந்துது. மிமிக்ரி கிமிக்ரி பண்றீங்களா?"

மெக்கானிக் சிரித்துவைத்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர் பேசியபோது தட்டுச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டது.

இருவரும் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சரிவில் படகை இறக்கி, ஏரிக்குள் நீண்ட மரப்பாலத்தில் கட்டினார்கள். மழை வலுத்திருந்ததால் மெக்கானிக் ஒரு கோட்டைத் தலையோடு போர்த்தியிருந்தார். சாயங்காலம்தான், ஆனால் வெளிச்சம் வடிந்துவிட்டது. மகளின் கார் பாலம் வரைக்கும் வரட்டும் என்று கீழ் கேட்டைத் திறந்தே வைக்கச் சொன்னார். காவல்காரன் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். கேட் கிறீச்சிட்டது, அவன் செருப்புச் சத்தம் சேற்றில் தேய்ந்துகொண்டே போனது, பிறகு அந்தக் கரையில் மனிதச் சத்தம் எதுவும் இல்லை. மெக்கானிக் படகின் விளக்கைப் போட்டு, நனையாமலிருக்கப் போனைச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு, இன்ஜினை ஓட்டினார்.

ஒரு கரகரப்பு இல்லை. ஸ்டியரிங்கை இடது கோடிவரை ஒடித்தார், வலது கோடிவரை ஒடித்தார். பட்டு மாதிரி ஓடியது. வேறொரு நாளாக இருந்தால் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருப்பார். மெக்கானிக்குகள் கடைசியாக ஒன்று செய்வார்கள்: நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் அழுத்தி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார்கள். வெளியே கேட்காத நோயெல்லாம் அதில் கேட்டுவிடும். அவர் மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, முனையை வைத்து, பிடியைக் காதில் பதித்தார்.

பேரிங் ஓடும் சன்னமான இரைச்சல். ஷாஃப்ட். அதற்குப் பின்னால் தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் இன்னொன்று, ஒரே சீராக, இழுத்து இழுத்து விடுவது. பெல்லோஸ் அசைகிறது என்று நினைத்தார். கையை எட்டி இன்ஜினை நிறுத்தினார். ஷாஃப்ட் நின்றது. பேரிங் நின்றது.

அது நிற்கவில்லை. மூச்சு.

பிடி காதில் அதிர்ந்தது. யாரோ செருமினார்கள். அவர் செருமுவதுபோலவே, இரண்டாக உடைத்து.

"அங்க மழை பெய்யுதாம்மா?" என்றது அவர் குரல்.

அவர் அசையவில்லை. அந்தக் கேள்வியை இன்று அவர் எவரிடமும் கேட்கவில்லை. போன ஞாயிறு கேட்டார். ஷெட்டில், இந்தப் படகின் விளிம்பில் சாய்ந்து நின்றபடி, போனில்.

அப்படியானால் அன்றே இருந்திருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். நிறுத்து. மனைவி என்றால் நிறுத்துவாள். அவள் என்றால் பதிலே தட்ட மாட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மழை.

பிறகு இரண்டு தட்டு. பணிவாக. புதிதாக ஒன்று கற்றுக்கொண்ட சந்தோஷத்தோடு.

அவள் இல்லை. அவளாக எப்போதும் இருந்ததில்லை. அதற்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ஒற்றைத் தட்டிலிருந்து பேத்தியின் செல்லப் பெயர் வரைக்கும் எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார். அந்தக் கிழிந்த பெல்லோஸ் நினைவுக்கு வந்தது. அது வெளியே வரப் பார்த்திருக்கிறது. அவர் புதிய ரப்பரை மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, அந்த வழியை அடைத்துவிட்டார். இனி அது வெளியே வர ஒரே வழி, இந்த மூடி.

மூடியைச் சாத்தினார். கொக்கியை மாட்டினார். பாலத்தில் தாவி விழுந்து எழுந்தார். மகள் வருவதற்குள் படகு தண்ணீருக்கு அடியில் போய்விட வேண்டும். அது ஒன்றும் பெரிய காரியமல்ல. பெல்லோஸில் கத்தி வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மிச்சத்தை ஏரி பார்த்துக்கொள்ளும். அந்த வழியாக அது வெளியே வந்தாலும் ஏரிக்குள்தான் போகும். கத்தி ஷெட்டில் இருந்தது. சரிவில் ஏறி ஓடினார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினார். ஷெட்டுக்குள் இருட்டு. சுவிட்சைப் போட்டார், எரியவில்லை. மேசையெங்கும் துழாவினார். ஸ்பானர். புல்லர். துணி. ஸ்பானர். எங்கே வைத்தோம், எங்கே வைத்தோம். விரல் அறுபட்டபோதுதான் கத்தி கிடைத்தது.

கீழே போன் அடித்தது.

படகிலிருந்து, மழையைத் தாண்டி, தெளிவாகக் கேட்டது. அடித்தது. அடித்தது. நின்றது. வாசலுக்கு வந்தபோது கீழ் கேட் வழியாக ஒரு காரின் வெளிச்சம் பாலத்தில் விழுந்து, நின்று, அணைந்தது. கரை முழுக்க இருட்டில் படகு மட்டும் விளக்கோடு நின்றது. வருகிறவர்கள் வேறு எங்கே போவார்கள்?

ஓடினார். கத்தினார். மூச்சிரைப்பில் வந்த சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை. பாலத்தின் கோடியில் மகள். பேத்தியின் சின்ன மஞ்சள் மழைக்கோட்டு ஏற்கனவே படகுக்குள் இருந்தது. இன்ஜின் மூடிமேல் குந்தியிருந்தது.

"சுண்டெலி" என்றது மூடிக்கு அடியிலிருந்து தாத்தாவின் குரல். குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

"அப்பா, உள்ள என்ன பண்றீங்க? மூடி மாட்டிக்கிச்சா?" மகள் சிரித்தபடியே படகில் கால் வைத்தாள்.

"போகாத கண்ணு" என்றது குரல். திக்கவில்லை, திணறவில்லை. அவருக்கு ஒருபோதும் வாய்க்காத கனிவோடு சொன்னது. "அப்பாவால தனியா இருக்க முடியல. நீயும் குழந்தையும் இங்கயே இருந்துடுங்க."

மகள் நின்றுவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இதைக் கேட்க அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்பது அந்த முகத்தில் இருந்தது. "இருக்கேம்பா" என்றாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்னுதான் இத்தனை நாளா இருந்தேன்."

"இறங்கு! படகை விட்டு இறங்கு!" அவர் பாலத்தில் ஏறிவிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இருட்டில், மழையில், தலையோடு போர்த்திய கோட்டும் செருப்பில்லாத காலுமாக, கையில் கத்தியோடு, கரகரத்த குரலில் கத்திக்கொண்டு ஓடிவரும் ஒருவனைப் பார்த்தாள். முகம் வெளிறியது. குழந்தையை மூடிமேலிருந்து இழுத்துப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்தாள்.

"அப்பா, யாரோ வர்றான். சீக்கிரம் வெளிய வாங்க."

கொக்கி விடுபட்டது. மூடி உயர்ந்தது. உள்ளேயிருந்து கிரீஸ் படிந்த ஒரு கை, அவர் கையைப் போலவே ஒன்று, தண்ணீர் சொட்டச் சொட்ட நிதானமாக நீண்டது. மஞ்சள் கோட்டு அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அதன் விரலைப் பிடித்துக்கொண்டது.